யார் பணிய வேண்டும்?

பணிவு நல்லது, செருக்கு தீயது என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு கிடையாது. கோயில் உபன்யாசத்திலும், பாளையங்கோட்டைத் தேவாலயங்களின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலும், மேலப்பாளையத்துப் பள்ளிவாசல்களின் வெள்ளிக்கிழமை உரையிலும் இது ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. கத்தோலிக்கர்களின் பழைய ஞானோபதேசம் தலையான பாவங்கள் ஏழு என்று எண்ணி, அகங்காரத்தை அவற்றின் தலைமாட்டில் வைத்து, அதற்கு மாற்றாகத் தாழ்ச்சியைச் சொல்கிறது. சைவர்கள் ஆணவத்தை உயிரை அநாதியாகப் பற்றிய மலம், அதாவது அழுக்கு, என்பார்கள். வைணவப் பெரியவர்கள் தம்மை 'அடியேன்' என்று சொல்லிக்கொள்வார்களே ஒழிய 'நான்' என்று சொல்ல நாக்கூசுவார்கள். இத்தனை பேரும் ஒத்துப்போகும் ஒரு பொருளைப் பற்றித் தனியாக எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உபதேசத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அது நடைமுறையில் யாருக்குச் சொல்லப்படுகிறது, யாருக்குச் சொல்லப்படாமல் விடப்படுகிறது என்பதில்தான் எனக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு.

வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை என்று மனுக்களோடு வருகிறவர்களை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தே என் உத்தியோக காலம் கழிந்தது. மனிதர்கள் பணிவதையும் நிமிர்வதையும் பார்ப்பதற்கு அரசாங்க அலுவலகத்தைவிடத் தோதான இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாசற்படிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். அங்கே அப்படி ஒரு விதியும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. தோளில் கிடக்கும் துண்டு, அறைக்குள் நுழையும்போது தானாக இறங்கிக் கக்கத்துக்குள் போய்விடும். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே தவிர உட்காரமாட்டார்கள். அதே அறைக்குள், யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, 'தாசில்தார் எப்ப வருவார்?' என்று கேட்கிறவர்களும் வருவார்கள். முதல் வகையினரை அலுவலகத்தில் எல்லாரும் 'தன்மையான ஆள்' என்றார்கள். இரண்டாம் வகையினரைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு நாள் உதவித்தொகை மனுவோடு வயதான அம்மாள் ஒருத்தி வந்திருந்தாள். பிரிவு எழுத்தர் மனுவை வாங்கிப் பார்க்காமலே 'நாளைக்கு வா' என்றார். அந்த அம்மாள் நகரவில்லை. 'எய்யா, நான் உங்க வீட்டு நடையில வந்து நிக்கலை. கவர்மெண்டு குடுக்கதைக் கேட்டு வந்திருக்கேன். வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க, போயிருதேன்' என்றாள். குரலை உயர்த்தவில்லை, மரியாதையும் குறையவில்லை, ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எழுத்தர் ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் படியிறங்கிய பிறகு, 'கொழுப்பைப் பாத்தியளா?' என்றார் எங்களைப் பார்த்து. அன்று முற்பகல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த காண்டிராக்டருக்கு அவர்தான் டீ சொல்லியிருந்தார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பணிவு என்று நாம் புகழ்கிற குணம் உண்மையில் என்ன என்ற சந்தேகம் வந்தே தீரும். பயமும், பழக்கமும், காரியம் ஆகவேண்டுமே என்ற கவலையும் சேர்ந்து ஒருவனுடைய முதுகை வளைக்குமானால் அதை அறத்தின் கணக்கில் எழுத முடியுமா? வேறு வழியில்லாதவன் செய்கிற காரியத்துக்கு நற்குணம் என்று பெயர் வைத்துவிட்டு, வழியிருக்கிறவனிடம் அதை எதிர்பார்க்காமல் விட்டுவிட்டால், அந்தப் பெயரே ஒரு சூழ்ச்சியாகிவிடுகிறது.

திருக்குறளில் மானம் என்ற அதிகாரத்தில் இதற்கு நேரான பதில் இருக்கிறது.

'பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய
சுருக்கத்து வேண்டும் உயர்வு.'

செல்வமும் செல்வாக்கும் பெருகியிருக்கும்போது பணிய வேண்டும். அவை குறைந்து நலிந்திருக்கும்போது நிமிர்ந்து நிற்க வேண்டும். வள்ளுவர் இரண்டுக்கும் ஒரே வினையைத்தான் போடுகிறார்: 'வேண்டும்'. இருப்பவனுக்குப் பணிவு எவ்வளவு கடமையோ அவ்வளவு கடமை இல்லாதவனுக்கு நிமிர்வு. அடக்கமுடைமை அதிகாரத்திலும் இதே திசைதான். பணிதல் எல்லார்க்கும் நன்று என்று ஆரம்பித்துவிட்டு, அந்த எல்லாருள்ளும் 'செல்வர்க்கே செல்வம் தகைத்து' என்று முடிக்கிறார். ஏகாரத்தை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். ஆகப் பணிவு என்பது முதலில் உடையவனுக்கான அறம். நாமோ இல்லாதவனுக்குப் பணிவையும் உள்ளவனுக்கு உயர்வையும் கொடுத்து, குறளைத் தலைகீழாக நடத்திக்கொண்டிருக்கிறோம்.

தலைகீழாக என்பதை மிகைப்பேச்சாகச் சொல்லவில்லை. துண்டு தானாகக் கக்கத்துக்குப் போவதாக எழுதினேனே, அது தானாக வந்த பழக்கம் அன்று. தென்மாவட்டக் கிராமங்களில் எதிரே வருகிறவரின் சாதியைப் பொறுத்துத் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும், சைக்கிளிலிருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எழுதாத சட்டங்கள் இருந்தன. மீறினால் அடியும் அபராதமும் கிடைத்தன. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் மூன்று தலைமுறைக்கு அடித்துப் பழக்கப்படுத்தியதை உடம்பு அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. அலுவலகத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் கையில் இருந்தது அந்த ஞாபகம்தான். அதைப் பார்த்து 'தன்மையான ஆள்' என்று சொல்ல நமக்கு எப்படி வாய் வருகிறது?

சுருக்கத்தில் உயர்வு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு எங்கள் சீமையிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதையும், 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றதையும், கோவைச் சிறையில் செக்கிழுத்ததையும் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது. 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னது இல்லை, கையில் காசும் இல்லை. சென்னையில் குடும்பத்தை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன வியாபாரங்கள் செய்து பார்த்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்த இந்தியர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தியின் பொறுப்பில் இருப்பது தெரிந்து, 1915ஆம் ஆண்டில் அதைக் கேட்டுத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதியிருக்கிறார். 1916இன் தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. கௌரவம் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, காலைப் பிடிக்கவும் இல்லை. தனக்கென்று பிறர் கொடுத்ததை விடாமல் கேட்டு வாங்கினார். வறுமையில் இருப்பவன் உதவியே கேட்கக்கூடாது என்பதுதான் மானம் என்று சிலர் பேசுவார்கள். பசி அறியாதவர்களின் பேச்சு அது. கேட்பதில் இழிவு இல்லை. கேட்கும்போது தன்னைச் சிறிதாக்கிக்கொள்ள மறுப்பதுதான் உயர்வு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பறிக்கப்பட்ட வக்கீல் சன்னதைத் திரும்பப் பெற வ.உ.சி.க்கு உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார அரசாங்கத்தோடு மோதிச் சிறை சென்றவர், ஒரு வெள்ளைக்காரரின் நல்ல மனத்துக்கு முன்னால் பணியத் தயங்கவில்லை. நிமிரத் தெரிந்தவர்களுக்குத்தான் பணியவும் தெரியும் என்று நான் நம்புவதற்கு இந்த ஒரு பெயர் போதும். அவர் சிறையிலும் பிறகும் குறளோடு வாழ்ந்தவர். மணக்குடவர் உரையோடு அறத்துப்பாலைப் பதிப்பித்தவர், தாமே உரையும் எழுதியவர். மானம் அதிகாரத்தை அவர் படித்தபோது அது அவருக்கு வெறும் பாடமாக இருந்திருக்க முடியாது.

மேல்நாட்டிலும் இந்த முடிச்சு இருந்திருக்கிறது. அரிஸ்டாட்டில் பெருமிதத்தைக் குறையாக எண்ணவே இல்லை. பெரியவற்றுக்குத் தகுதியுடையவனாக இருந்து, அந்தத் தகுதியைத் தானும் அறிந்திருப்பவனே அவர் கண்ட உயர்ந்த மனிதன். தகுதியில்லாமல் தன்னைப் பெரிதாக நினைத்துக்கொள்பவன் வீம்பன்; தகுதியிருந்தும் தன்னைக் குறைத்து எண்ணுபவன் சிறுமனத்தன். இந்த இரண்டு குறைகளில் சிறுமனமே அதிகம் காணப்படுவது, அதுவே மோசமானது என்றும் அவர் சொல்கிறார். பின்னால் வந்த கிறிஸ்தவச் சிந்தனையோ அகங்காரத்தைப் பாவங்களின் வேராக வைத்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்தவர் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். மனம் தன் அளவை மீறிப் பெரியவற்றுக்குத் தாவாமல் பிடித்து நிறுத்துவது பணிவு. பெரிய காரியங்களைக் கண்டு மனம் சோர்ந்து பின்வாங்காமல் முன்னே தள்ளுவது பெருமனம். இரண்டும் அறிவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை ஆகையால் ஒன்றுக்கொன்று பகை இல்லை என்பது அவர் விளக்கம். நம் ஊர்ப் பிரசங்கங்களில் இதன் முதல் பாதி மட்டும் அடிக்கடி வருகிறது, இரண்டாம் பாதி வருவதில்லை. தன் பக்தியை மெச்சிக்கொண்ட பரிசேயனும், பாவி என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஆயக்காரனும் ஆலயத்துக்குப் போன இயேசுவின் உவமையைச் சொல்லும்போதும், ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டதைத்தான் அழுத்திச் சொல்கிறார்கள். ஆயக்காரன் வரி வசூலித்தவன், அதிகாரமும் பணமும் புழங்கும் வேலையில் இருந்தவன், தன் தவறுகளைத் தெரிந்தே தலைகுனிந்தவன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த உவமை எந்த வர்க்கத்தாரை நோக்கிப் பேசுகிறது என்பதும் விளங்கும். வருவாய்த்துறைக்காரனாகிய எனக்கு அது சட்டென்று விளங்கியதில் ஆச்சரியமில்லை!

ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் நீதிநெறி விளக்கத்தில் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துவிட்டார்.

'தம்மின் மெலியாரை நோக்கித் தமதுடைமை
அம்மா பெரிதென் றகமகிழ்க - தம்மினும்
கற்றாரை நோக்கிக் கருத்தழிக கற்றதெல்லாம்
எற்றே இவர்க்குநாம் என்று.'

பொருள் விஷயத்தில் கீழே பார்த்து மனநிறைவு கொள். கல்வி விஷயத்தில் மேலே பார்த்துச் செருக்கு அழிந்து போ என்பது கருத்து. ஒரே மனிதன், இரண்டு திசைகளில் பார்க்கவேண்டியவன். நடைமுறையில் நாம் காண்பது இதற்கு நேர்மாறு. பொருள் விஷயத்தில் மேலே பார்த்துப் புழுங்குகிறோம். கல்வியில் கீழே பார்த்துப் பூரிக்கிறோம். ஒரு பட்டம் வாங்கியவர் பட்டம் வாங்காதவரிடம் பேசும் குரலைக் கவனித்தால் போதும். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு ஒரு குளிர்ச்சி உண்டு. எனக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லூரிகளைக் கட்டியவர்கள் வேறு யாரோ. நாம் அவற்றின் வாசல் வழியாகப் போய்வந்தவர்கள்.

பணிவு மெய்யாகவே ஒரு பெருங்குணமாக மலர்ந்த இடம் எது என்று என்னைக் கேட்டால் திருக்கோளூரைச் சொல்வேன். தாமிரபரணிக் கரையின் நவதிருப்பதிகளில் ஒன்று. மதுரகவியாழ்வார் பிறந்த ஊர். வயதில் மூத்தவர், மறையோர் குலத்தவர், வடநாட்டுத் திருத்தலங்களையெல்லாம் சுற்றியவர் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அப்பேர்ப்பட்டவர் பக்கத்து ஊரான குருகூரில் புளியமரத்தடியில் இருந்த, தம்மினும் இளைய, தம் குலத்தைச் சேராத நம்மாழ்வாரைக் குருவாகக் கொண்டார். 'தேவுமற் றறியேன் குருகூர் நம்பி பாவின் இன்னிசை பாடித் திரிவனே' என்று பெருமாளைக்கூட ஒருபுறம் ஒதுக்கிவிட்டுப் பாடிய அந்தப் பதினொரு பாசுரங்களே நாலாயிரத்தில் அவருடைய பங்கு. கல்வியும் வயதும் குலமும் ஆகிய மூன்று பெருக்கங்களும் இருந்து பணிந்தவர் அவர். பணிவதற்கு இறக்கிவைக்க ஏதாவது இருக்கவேண்டும் அல்லவா? அவரிடம் இருந்தது, இறக்கிவைத்தார்.

அதே ஊரைப் பற்றி இன்னொரு கதை. இராமாநுசர் திருக்கோளூருக்குள் நுழைகிறார். எதிரே ஒரு பெண்பிள்ளை ஊரைவிட்டுப் புறப்பட்டு வருகிறாள். எல்லாரும் புகத் தேடும் ஊரை நீ ஏன் விட்டுப் போகிறாய் என்று அவர் கேட்கிறார். 'அழைத்து வருகிறேன் என்றேனோ அக்ரூரரைப் போலே' என்று ஆரம்பித்து, அடியார்களுடைய 81 செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இவற்றில் ஒன்றையாவது நான் செய்தேனா, முயல் புழுக்கை வயலில் கிடந்தால் என்ன, வரப்பில் கிடந்தால் என்ன என்று முடிக்கிறாள். இராமாநுசர் அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய் அமுது செய்தார் என்பது வழக்கு. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவளுடைய தாழ்மையைக் கொண்டாடுவார்கள். எனக்கு அவளுடைய புலமைதான் முதலில் கண்ணில் படுகிறது. வழியில் நின்று, கேட்டவர் யார் என்று பார்த்து நடுங்காமல், 81 செய்திகளைத் தடங்கலின்றிச் சொல்ல வேண்டுமானால் அவள் எத்தனை காலம் கேட்டும் படித்தும் நினைத்தும் இருக்கவேண்டும்! தன்னை எதோடு ஒப்பிட்டால் தான் சிறியவள் என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. எதிரே நின்ற ஆசாரியரோடு தன்னை ஒப்பிட்டு அவள் தாழவில்லை. அதைவிட முக்கியம், அவள் சொல்லி முடித்ததும் பணிந்தவர் அவர்.

இதைச் சொல்லும்போதே போலிப் பணிவு நினைவுக்கு வருகிறது. அதிகம் எழுதிக் கௌரவிக்கத் தேவையில்லாத விஷயம். பொன்னாடையை மூன்று தடவை மறுத்துவிட்டு நான்காம் தடவைக்குத் தோளைச் சாய்த்துக் கொடுப்பவர், 'நான் என்ன பெருசா செஞ்சிட்டேன்' என்று சொல்லிவிட்டு எதிராளி மறுத்துப் பேசக் காத்திருப்பவர், அம்மன் கோயில் கொடைக்கு வரி கொடுத்ததைவிடப் பெரிய தொகைக்கு ஃப்ளெக்ஸ் அடித்து அதில் 'உங்கள் எளியவன்' என்று போட்டுக்கொள்பவர் எல்லாரையும் எல்லா ஊரிலும் பார்க்கலாம். திருநெல்வேலிக் கீழரத வீதியில் பெயர்ப்பலகையே இல்லாமல் மாலையில் மட்டும் திறக்கும் இருட்டுக்கடையை எளிமைக்கு உதாரணமாகச் சிலர் சொல்வதுண்டு. என்னைக் கேட்டால் பலகை தேவையில்லை என்ற நிலைமை ஒரு பெரிய பெருமிதம். அல்வா நன்றாக இருக்கும்வரை அந்தப் பெருமிதம் அவர்களுக்குத் தகும்.

தகும் என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. பெருமிதம் எதனால் வரலாம் என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் கணக்கே போட்டு வைத்திருக்கிறது: 'கல்வி தறுகண் இசைமை கொடையெனச் சொல்லப் பட்ட பெருமிதம் நான்கே.' படிப்பு, அஞ்சாமை, நல்ல பெயர், ஈகை. நான்கும் ஒருவன் முயன்று தேடவேண்டியவை. பிறப்பு அந்தப் பட்டியலில் இல்லை. 'நான்கே' என்று கதவையும் சாத்திவிட்டார். குறளின் பெருமை அதிகாரத்தில் இரண்டாம் குறளே 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்று ஆரம்பிப்பது. குடிமை என்று தனி அதிகாரம் எழுதி நற்குடிப் பிறப்பை வள்ளுவர் புகழ்ந்தாரே என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். அந்த அதிகாரத்துக்குள்ளேயே மெய்யான குடிக்கு நான்கு அடையாளங்கள் சொல்கிறார்: முகமலர்ச்சி, ஈகை, இன்சொல், பிறரை இகழாமை. இகழ்கிறவன் தன் குடியைத் தானே பொய்யாக்குகிறான் என்பதே அதன் முடிவு.

இந்த இகழ்ச்சி எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூடப் பையன்களின் மணிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. எந்த நிறத்தில் கயிறு கட்டியிருக்கிறான் என்பதை வைத்து எந்தச் சாதி என்று பையன்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனும் தடுக்க வந்த அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைத் தலைவராகக் கொண்டு அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை எடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் 'இது எங்க பெருமை' என்று பையன்கள் சொல்வதாக ஆசிரிய நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். அந்தப் பதினைந்து வயதுப் பையனைக் கேட்டால் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகிய நான்கில் ஒன்றையும் அவனால் காட்ட முடியாது. காட்டுகிற வயதும் அதுவல்ல. அவனுக்கு யாரும் வேறு பெருமை கொடுக்கவில்லை. படித்து முடித்தால் வேலை உண்டா என்பது தெரியாத, வீட்டில் மதிப்பில்லாத, வகுப்பில் கடைசி பெஞ்சில் கிடக்கிற ஒருவனுக்கு, பிறந்ததற்காகவே பெருமைப்படலாம் என்று ஒரு சங்கத்தார் வந்து சொன்னால் அது எவ்வளவு இனிக்கும்! உழைக்காமல் கிடைக்கிற பெருமிதம் அது. அதற்கு ஒரே செலவு, தனக்குக் கீழே ஒருவனை நிறுத்தி வைக்கவேண்டும் என்பது. அவன் நிமிர்ந்துவிட்டால் இவன் பெருமை போய்விடும். அதனால்தான் கூடப் படிக்கிற ஒருவன் நன்றாகப் படிப்பதே இவனுக்குத் தாங்க முடியாத அவமானமாகிறது.

இந்த இடத்தில் பையன்களுக்குப் 'பணிவாக இருங்கள்' என்று உபதேசம் செய்வதால் பயன் விளையும் என்று நான் நினைக்கவில்லை. யாருக்குச் சொல்கிறோம் என்ற பழைய கேள்வி மறுபடி எழும். வெட்டுப்பட்ட பையனுக்கு அந்த உபதேசம் போய்ச் சேர்ந்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை. கயிறு கட்டியவனுக்கு வேண்டியது, அவன் தானே செய்து முடித்து நிமிரக்கூடிய ஏதோ ஒரு காரியம். ஓட்டப் பந்தயமோ, கணக்கோ, கபடியோ, மோட்டார் ரிப்பேரோ, எதுவானாலும் சரி. மெய்யான பெருமிதம் ஒன்று கையில் வந்துவிட்டால் பொய்யானது தளரும் என்பது என் எதிர்பார்ப்பு. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். எல்லாத் தகுதியும் பெற்ற பிறகும் சாதிச் சங்கத்துக்குத் தலைவராகப் போகிறவர்களை நானே என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

ஏழை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்று சொன்னால், நாளை அவனுக்குப் பெருக்கம் வரும்போது அவனும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரமாட்டானா என்று நண்பர் ஒருவர் கேட்டார். உட்காருவான்தான், சிலர் உட்கார்ந்தும் இருக்கிறார்கள். கக்கத்தில் துண்டை இடுக்கியவரின் பேரன் இன்று அதிகாரியாகி, தனக்கு முன்னால் இன்னொருவர் துண்டை இடுக்குவதை ரசிப்பதை நான் கண்டதுண்டு. வள்ளுவர் 'பெருக்கத்து', 'சுருக்கத்து' என்று காலத்தைச் சொன்னாரே தவிர, பணிவதற்கு ஒரு கூட்டத்தையும் நிமிர்வதற்கு ஒரு கூட்டத்தையும் பிரித்து வைக்கவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு காலமும் வரும். ஆனால் ஒன்று: நிமிர்வை ஒருபோதும் அனுபவிக்காதவனுக்குப் பிறரை நிமிர விடுவது எப்படி என்று தெரிய வாய்ப்பே இல்லை. குனிந்தே வளர்ந்தவனுக்கு உலகத்தில் தெரிந்தது இரண்டே இரண்டு நிலை, குனிவதும் குனிய வைப்பதும்.

ஓய்வுக்குப் பிறகு தெருவில் கேட்கிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். அதற்கு முந்தின நாள் நான்கைந்து பேராவது வந்துவிடுவார்கள். 'ஐயா அவர்கள் சமூகத்துக்கு மிகவும் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்' என்ற வழக்கமான வாசகத்தை நான் எழுதுவதில்லை. பெறுநர், அனுப்புநர், பொருள், சர்வே எண், கோரிக்கை, சட்டப்படி உரிய நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். போன மாதம் பட்டாவுக்காக வந்த ஒருவர் நான் எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டு, 'சார், தாழ்மையுடன்னு ஒரு வார்த்தையைக் காணமே?' என்றார். அது தேவையில்லை, உங்கள் நிலத்துக்குத்தானே கேட்கிறீர்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான் சார். இருந்தாலும் எழுதிருங்க. பட்டா கையில வரட்டும், பொறவு நாம வேற மாதிரி எழுதுவோம்' என்றார். நான் எழுதிக் கொடுத்தேன்.